பதின்மூன்றாவது வாரமும் வருவீர்களா?

ஐயா, வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களுக்கான ஆவண வேலை பார்க்கிறேன். தன்னார்வலர்களே நடத்தும் ஒரு சமுதாய வானொலியில் ‘வடசென்னையின் குரல்’ என்று வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்த முன்மொழிவு கொடுத்தேன். கானா, வியாசர்பாடி கால்பந்து, காசிமேட்டு மீனவர் வாழ்க்கை, எண்ணூர் மாசு பற்றிய செய்தி அலசல் எல்லாம் அதில் உண்டு. ‘குறைத்து எழுதித் தாருங்கள்’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். எங்கள் பகுதி என்பதால்தான் ஒதுக்குகிறார்களோ என்று தோன்றுகிறது. முன்மொழிவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
— ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

வடசென்னை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும், இத்தகைய நிலையம் ஒன்றின் நிகழ்ச்சிக் குழுவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில், உங்கள் முன்மொழிவுக்கு நானும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். அங்கே அதைப் படிப்பவர் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து அமர்பவர். இவர் பதின்மூன்றாவது வாரமும் ஒலிப்பதிவோடு வருவாரா என்பதே அவருடைய முதற் கவலை. வானொலியில் 13 வாரங்களை ஒரு சுற்றாகக் கொள்வது பழைய வழக்கம்; நான்காம் வாரத்தில் ஒருவர் கைவிட்டுப் போனால், ஏற்கெனவே இரண்டு நிகழ்ச்சிகளைச் சுமக்கும் இன்னொரு தன்னார்வலர்தான் அந்த இடத்தை நிரப்ப இரவில் கண்விழிக்க வேண்டும். உங்கள் தாள்களில் முதல் வாரம் இரண்டு பக்கம் விரிந்திருக்கிறது. மற்ற வாரங்களுக்கு ‘இவ்வாறே தொடரும்’ என்பதோடு சரி.

செய்தி அலசலை முதலில் எடுத்துவிடுங்கள். அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்யலாமே தவிர, சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியும் அரசியலும் ஒலிபரப்ப மத்திய அரசின் நெறிமுறைகள் இடம் தருவதில்லை. (வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்த நாட்டில் இது நியாயமன்று என்பதே என் கருத்து, ஆனால் உரிமம் போனால் போவது நிலையத்துக்கு.) 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபின், எண்ணெய் ஒட்டிய வலையை என்ன செய்தோம் என்று ஒரு மீனவர் தம் அனுபவத்தைச் சொல்வது வேறு வகை, அதைக் குழுவினரிடம் பேசிப் பார்க்கலாம்.

நான்கில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் காசிமேட்டைத்தான் எடுப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற மாதங்களில் பேச நேரமில்லாத படகு ஓட்டுநரும் வலை வேலைக்காரரும் அந்த நாட்களில் கரையிலேயே இருப்பார்கள். வலையைச் சீர்செய்யக் கற்றது யாரிடம், இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு எங்கிருந்து வருகிறது, ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் இந்த இரண்டு மாதம் எதை விற்கிறார்கள் என்று, வாரத்துக்கு ஒருவர், ஒரு கேள்வி என 13 வரிகள் எழுத முடிகிறதா பாருங்கள். ஒரு மணி நேரம் வேண்டாம். பதினைந்து நிமிடம் போதும். தடைக்காலத்தில் பதிவுகளை முடித்து வைத்துக்கொண்டால் ஒலிபரப்பு தொடங்கியபின் மூச்சு முட்டாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே உருவாக வேண்டும் என்பதும் நெறிமுறைதான். ஆகவே அந்தக் குரல்கள் நிலையத்துக்கும் தேவை.

பதிவில் ஓர் எச்சரிக்கை. ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு அருகிலும், காற்று நேராக அடிக்கும் படகு மேடையிலும் பேட்டி எடுக்காதீர்கள். நம் காதுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல் ஒலிவாங்கியில் பேச்சை விழுங்கிவிடும். வலை குவித்திருக்கும் கொட்டகைக்குள் உட்காருங்கள், வலைக் குவியலே எதிரொலியைக் குறைக்கும். கைபேசியைப் பேசுபவரின் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டுபவர் உங்களை வாழ்த்துவார்.

கானா வேண்டுமென்றால் பாடுபவரையே அழைத்து, அவருடைய சொந்தப் பாட்டைப் பாடச் சொல்லி, எழுத்தில் இசைவு வாங்குங்கள். இந்நிலையங்களின் ஒலிபரப்புத் திறன் பெரும்பாலும் 100 வாட் அளவுதான். கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதே பெரிது. ஒருநாள் வானொலிப் பெட்டியோடு காசிமேட்டில் நின்று, நிலையம் அங்கே தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்து அதையும் குறிப்பிடுங்கள். கேட்கவில்லை என்றால், பேசியவர்களுக்கு நிகழ்ச்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பப்போவதாக எழுதுங்கள்.

தடைக்காலத்துக்கு முன்பே பதில் கிடைக்கும்படி பிப்ரவரியில் கொடுத்துவிடுங்கள். ஒரே பக்கம், அந்த 13 வரிகள், மூன்று நிமிட மாதிரிப் பதிவு ஆகியவற்றோடு, உங்களுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் பதிவை நிலையத்துக்குக் கொண்டுபோகப் போகும் இரண்டாம் ஆளின் பெயரும் அதில் இருக்கட்டும்.