ஒரே ரத்தம், இரண்டு ரிப்போர்ட்: பரிசோதனைக்கூடம் பற்றிய வாசகர் கேள்விகள்

மருத்துவமனையின் உயிர்வேதியியல் பரிசோதனைக்கூடம் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மெஷின் தவறு செய்துவிட்டதா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மெஷினுக்குள் போகும் முன் அந்த ரத்தத்துக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதே என் வழக்கம்.

என் தந்தைக்கு 72 வயது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். தெருமுனையில் உள்ள சேகரிப்பு மையத்தில் காலை 7 மணிக்கு ரத்தம் கொடுத்தார். பொட்டாசியம் 6.8 என்று ரிப்போர்ட் வந்தது. பதறிப்போய் மாலையில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே 4.4. எதை நம்புவது? (திண்டுக்கல் வாசகர்)

4.4-ஐ நம்புங்கள். ஆனால் 6.8-ஐப் பார்த்ததும் நீங்கள் மருத்துவமனைக்கு ஓடியது மிகச் சரி. பொட்டாசியம் உண்மையிலேயே 6.5-ஐத் தாண்டியிருந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். டெல்மிசார்டன் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. உடனே ஈ.சி.ஜி. எடுத்து, புதிதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

காலையில் அந்த எண் எப்படி வந்தது? பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்களுக்குள்ளே இருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் அடர்த்தி, வெளியே சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தில்) இருப்பதைப்போல் 20 மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினாலோ குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ அணுக்கள் உடையும், உள்ளே இருப்பது வெளியே கொட்டும். சுழற்றிப் பிரித்த சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அது பன்னீர் ரோஜா நிறத்தில் இருந்தால் அணு உடைந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத வழி ஒன்றும் உண்டு. சீரத்தைப் பிரிக்காமல் குழாயை ஐஸ் பெட்டியில் மணிக்கணக்கில் வைத்தால், பொட்டாசியத்தை அணுவுக்குள் நிறுத்தி வைக்கும் பம்ப் குளிரில் முடங்கிவிடுகிறது. அணு உடையாமலே பொட்டாசியம் கசிகிறது. சீரம் பளிச்சென்று தெளிவாக இருக்கும், எண் மட்டும் பொய் சொல்லும். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தத்தை எத்தனை மணிக்குச் சுழற்றினார்கள் என்று அந்த மையத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

நான் வார்டு செவிலியர். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்றால் ஊதாக் குழாயில் இருப்பதைக் கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் என்ன? நோயாளியை மறுபடி குத்த மனம் வரவில்லை. லேபில் கடுமையாகப் பேசுகிறார்கள். (மதுரை வாசகி)

உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருக்கும் ஈ.டி.டி.ஏ. என்பது ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைத்தே உறைதலைத் தடுக்கிறது. அந்த ரத்தத்தைச் சிவப்புக் குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் விண்ணுக்கு ஏறும், கால்சியம் தரைக்கு இறங்கும். துத்தநாகமும் மெக்னீசியமும் பிடிபட்டுவிடுவதால் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதியின் அளவும் சரியும்.

பொட்டாசியம் 14, கால்சியம் 3 என்று திரையில் வந்தால் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்படி ஒரு மனிதர் உயிரோடு இருக்க முடியாது. வார்டுக்குப் போன் செய்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் அஞ்சுவது ஓரிரு துளி மட்டும் கலந்த குழாயைத்தான். அதில் பொட்டாசியம் 6.2, கால்சியம் 7.6 என்று நம்பும்படியாக வரும். அதை நம்பி மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினால், நலமாக இருந்தவருக்கு நாமே ஆபத்தை வரவழைத்தவர்களாவோம். மறுபடி ஒரு குத்து இதைவிட எவ்வளவோ மேல். நிரப்பும் வரிசையையும் கைவிடாதீர்கள்: நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ஊதாவைத் தொட்ட பிறகு சிவப்புக்குத் திரும்பக் கூடாது. இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியது லேபின் கடமை, கடுமையாகப் பேசியது தவறு.

நான் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிறா என்றுகூடக் கேட்காமல் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 142 என்கிறார்கள். இது செல்லுமா? (விழுப்புரம் வாசகி)

செல்லும். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ளும் இந்த முறைக்காக நெடுங்காலம் பாடுபட்டவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. மத்திய அரசின் வழிகாட்டு நெறியும் இதையே சொல்கிறது. தொலைவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா என்று திருப்பியனுப்பினால் பலர் திரும்பி வருவதே இல்லை. நம் ஊருக்கு ஏற்ற முறை இது என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

பரிசோதனைக்கூடத்துக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துபோகும். 145 இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் கிடந்தால் 138 ஆகிவிடும். சிகிச்சை பெற வேண்டிய தாய் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் குழாய் இதற்காகத்தான். அதுவும் முழுமையாக வேலை செய்ய நேரம் பிடிக்கும், எனவே சீக்கிரம் சுழற்றுவதே நல்லது. உங்கள் 142 எல்லையைத் தாண்டிய எண்தான். மருத்துவர் சொல்லும் உணவு முறையை இன்றே தொடங்குங்கள்.

மாஸ்டர் செக்கப்பில் எல்லாம் சரி, ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. தூக்கம் வரவில்லை. (கோவை வாசகர்)

பெரும்பாலான பரிசோதனைகளில் ‘நார்மல்’ எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவை வைத்து வகுத்தது. மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. எவ்வளவு தாண்டியிருக்கிறது, பழைய ரிப்போர்ட்டில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் கதை வேறு. அவற்றின் எல்லையை நோய் ஆபத்தை வைத்து வகுத்திருக்கிறார்கள், அவை தாண்டினால் அலட்சியம் கூடாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுத்துவருகிறேன். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. (சென்னை வாசகி)

மாத்திரையை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. பல தைராய்டு பரிசோதனைகளில் பயோட்டினையும் அதை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசைபோலப் பயன்படுத்துகிறார்கள். பயோட்டின் ஒரு வைட்டமின். உடம்புக்குத் தினமும் வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கான மாத்திரைகளிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் கூட இருக்கும். மிதமிஞ்சிய பயோட்டின் அந்தப் பசையைக் கெடுத்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் தைராய்டு சுரக்கும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். பார்க்க அச்சு அசலாகத் தைராய்டு மிகைச்சுரப்பு போலவே இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இது குறித்து எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினையும் பயோட்டின் குறைத்துக் காட்டக்கூடும் என்பதுதான் அதில் மிகவும் கவலை தரும் செய்தி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைக் குறைந்தது 2 நாள் நிறுத்தி மறுபடி பாருங்கள். அதுவரை தைராய்டுக்கு மருந்து தொடங்க வேண்டாம்.

எம்.எல்.டி. (மருத்துவப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பம்) படிக்கிறேன். மாதிரிகள் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ‘கன்ட்ரோல்’ ஓட்டுகிறார்கள். தினமும் தேவைதானா? (திருநெல்வேலி வாசகி)

தினமும் தேவை. அளவு முன்பே தெரிந்த சீரத்தை மெஷினில் ஓட்டி, வந்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறோம். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-ல் இதை மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்ற விதிகளை வெஸ்ட்கார்டு என்ற ஆய்வாளர் 1981-ல் தொகுத்தார். சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவைப்போல் 3 மடங்கை) தாண்டிய ஒரு புள்ளி போதும், ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. நீங்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று: எல்லைக்குள்ளேயே இருந்தாலும் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாக விழுந்தால், ரீஏஜென்ட்டோ (பரிசோதனை ரசாயனமோ) மெஷினின் விளக்கோ மெல்லக் கெட்டுவருகிறது என்று பொருள். கன்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, நல்ல எண்ணை மட்டும் எழுதிவைக்கும் பழக்கத்தை எங்கே கண்டாலும் பின்பற்றாதீர்கள். அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை சேர்ந்திருந்தால் அந்த மாதாந்திர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் கூடத்தின் எண்கள் மற்ற கூடங்களோடு எப்படி நிற்கின்றன என்று தெரியும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் சர்க்கரை 7 என்கிறான். எனக்கு 110. அவனுக்கு இவ்வளவு குறைவா? (தஞ்சாவூர் வாசகர்)

குறைவு இல்லை ஐயா, உங்களைவிட அதிகம். அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. 18-ஆல் பெருக்குங்கள்: 126. வெறும் வயிற்றில் எடுத்ததென்றால் அது சர்க்கரை நோயின் தொடக்க எல்லை. உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கும்போது ஒரு முறை மறந்து வெளியே விட்டுவிட்டேன். பரவாயில்லையா? (சேலம் வாசகர்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது, மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள். காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொன்றும் கேனுக்குள், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரும் சேர்த்து. சில பரிசோதனைகளுக்குக் கேனில் முன்கூட்டியே அமிலம் ஊற்றித் தருவோம். அதைக் கழுவிவிடாதீர்கள், கேனுக்குள் நேரடியாகவும் போகாதீர்கள். தனிக் குவளையில் பிடித்து, மெதுவாக ஊற்றுங்கள்.