ராயக்கோட்டைப் படம் அசலா? ஃப்ரேமைக் கழற்றிவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா சாமான்களை மொத்தமாக எடுத்த வியாபாரி ஒருவர், ராயக்கோட்டை மலைக்கோட்டை வண்ணப்படம் ஒன்றை விற்கிறார். டேனியல் என்ற வெள்ளைக்காரர் போட்டது, இருநூறு வருஷத்து அசல், நாற்பதாயிரம் ரூபாய் என்கிறார். கழற்றினால் கிழிந்துவிடுமாம், ஃப்ரேமோடுதான் தருவாராம். எங்கள் பூர்வீகம் ராயக்கோட்டை என்பதால் ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கழற்றிக் காட்டாதவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் படம் உண்மையில் உண்டு. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் சென்னையிலிருந்து கிளம்பி பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதி) வழியாகத் தெற்கே போனார்கள். திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்று 144 படங்கள் வெளியிட்டார்கள். ராயக்கோட்டை அதில் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தப் படங்கள் புத்தகத்திலும் காலண்டரிலும் திரும்பத் திரும்ப அச்சாகிவிட்டன. உங்கள் கைக்கு வருவது அசலா, அந்த மறு அச்சுகளில் ஒன்றா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். முதலில் வெளியான பெரிய பதிப்பில் படம் மட்டுமே ஏறத்தாழ இரண்டடி அகலம் வரும். பிறகு லென்ஸ். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வானத்துப் பகுதியைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது ஆப்செட் என்ற பிற்கால இயந்திர அச்சு. பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். டேனியல் படங்கள் அக்வாடின்ட் முறையில் ஆனவை. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சடிப்பார்கள். அதனால் ஒழுங்கில்லாத, வலைபோன்ற பொடிமணிகள் தெரியும். கையால் பூசிய வண்ணம் சில இடங்களில் ஓரக்கோடுகளைத் தாண்டியிருக்கும்.

படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருந்தால் நல்ல அறிகுறி. ஓரம் வெட்டி அட்டையில் ஒட்டிய பிரதிகளில் அது இருக்காது. அது இல்லையென்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் காகிதத்தின் மேல் அடியுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது கடந்த நூற்றாண்டின் பிற்பாதியிலோ அதற்குப் பின்போ வந்த காகிதம். இதற்கெல்லாம் படம் வெளியே வர வேண்டும். பின்னட்டை ஆணிகளை நிதானமாக எடுத்தால் கிழியாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இழுக்கக் கூடாது. அப்படி ஒட்டிய படத்துக்கு இந்த விலையும் கூடாது.

எல்லாம் சரியாக வந்தால், வெளிநாட்டு ஏல நிறுவனங்களின் இணையதளங்களில் இதே படம் முன்பு போன விலையைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பில்லில் 'பழைய படம்' என்று பொதுவாக எழுத விடாதீர்கள். டேனியல் பெயர், அக்வாடின்ட், அசல் பதிப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு மறுக்கும் வியாபாரிக்குத் தன் பேச்சில் தனக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பின்னால் போலி என்று தெரிந்தால் அந்த பில்லோடு இரண்டு ஆண்டுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியது வெளியூரானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: ஏற்காடு வீட்டில் மாட்டிய பழைய படத்தில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. லேமினேட் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது. படத்தின் மதிப்பு அன்றோடு போய்விடும். மூடுபனி ஈரம் காகிதத்துக்கு ஆகாது. வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்சுவருக்கு மாற்றுங்கள். ஃப்ரேம் கடையில் அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் கண்ணாடி காகிதத்தைத் தொடாது. செலோடேப் கூடாது. ஃப்ரேமுக்குப் பொருந்தவில்லை என்று கடைக்காரர் ஓரத்தை வெட்டப் போவார். பக்கத்தில் நின்று தடுங்கள்!

கேள்வி: இப்படிப்பட்ட படத்தை சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. நகல் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.