அப்டேட்டுக்குப் பிறகும் பிஸ்டன் கதவு திறக்குமா?

கேள்வி: கட்டைகளால் உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா (கணினி) பதிப்பில் நானும் தங்கையும் சேர்ந்து, கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன்களால் இயங்கும் ஒரு மறைவான கதவும், பக்கத்துக் கட்டையில் நிகழும் மாற்றத்தைக் கண்டறியும் அப்சர்வர் வைத்துத் தானாக அறுவடை செய்யும் கரும்புப் பண்ணையும் கட்டியிருக்கிறோம். நண்பர்களின் சர்வரில் அதே கதவை அப்படியே கட்டினோம்; அங்கே ஒரு பாதி மட்டும்தான் நகர்கிறது. புதிய வெர்ஷனுக்கு மாறினால் எங்கள் உலகத்திலும் இப்படி ஆகிவிடுமா? இவற்றையெல்லாம் மின்சாரம்போல் இயக்கும் ரெட்ஸ்டோன் இயங்கும் விதத்தை உருவாக்குநர்கள் எதைப் பார்த்து மாற்றுகிறார்கள்?

பதில்: கரும்புப் பண்ணையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, கதவைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுமானம் அப்டேட்டைத் தாண்டி நிற்குமா என்பது அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சிக்கலானது என்பதைப் பொறுத்ததன்று. உருவாக்குநர்கள் வேண்டுமென்றே அமைத்த இயல்பை நம்பி நிற்கிறதா, நிரலில் தற்செயலாக அமைந்துவிட்ட இயல்பை நம்பி நிற்கிறதா என்பதையே பொறுத்தது.

2010இல் ரெட்ஸ்டோன் வந்ததிலிருந்து நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவை புதிய கட்டைகளைச் சேர்த்தவை. 2013 மார்ச்சில் வந்த 1.5 வெர்ஷன் கம்பேரேட்டரையும் ஹாப்பரையும் தந்தது, 2016இல் 1.11 ஜாவா பதிப்புக்கு அப்சர்வரைக் கொண்டுவந்தது; 2024 ஜூனில் 1.21 கிராஃப்டரைச் சேர்த்தது. இத்தகைய சேர்க்கைகளால் பழைய கட்டுமானங்கள் உடைவது அரிது. கரும்பு வளர்ந்ததும் அப்சர்வர் அதைக் கண்டு, இரண்டு கேம் டிக் (ஒரு டிக் என்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு) நீளமுள்ள ஒரு துடிப்பை அனுப்ப, பிஸ்டன் தள்ளுகிறது என்ற உங்கள் பண்ணையின் வேலை, அந்தக் கட்டைகள் எதற்காகச் செய்யப்பட்டனவோ அதுவேதான். கரும்புப் பண்ணைகளிலேயே வேறொரு வகை இருந்தது. செடிக்கு அடியில் இருக்கும் கட்டையைப் பிஸ்டனால் நொடிக்குப் பல முறை அசைத்து, இயல்பைவிடப் பல மடங்கு வேகமாக வளரச் செய்யும் ‘ஜீரோ டிக்’ பண்ணை அது. 2020இல் வந்த 1.16 வெர்ஷனோடு அது நின்றுபோனது. செடி அப்படி வளர வேண்டும் என்று எவரும் திட்டமிட்டிருக்கவில்லை என்பதால், அந்த வழியை அடைத்ததில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

எல்லாத் தற்செயல்களும் இப்படி அடைக்கப்படுவதில்லை. பிஸ்டனை நேரடியாகத் தொடாமல், அதற்கு மேலே உள்ள வெற்றிடத்துக்கு மின்விசை எட்டினாலே பிஸ்டன் இயங்கிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இரண்டு கட்டை உயரமுள்ள கதவுக்காக எழுதப்பட்ட தர்க்கத்தைப் பிஸ்டனும் பின்பற்றியதால் வந்த பழக்கம் இது; ரெட்ஸ்டோன் கட்டுபவர்கள் இதைக் குவாசி கனெக்டிவிட்டி என்பார்கள். விளையாட்டை உருவாக்கும் மோஜாங் நிறுவனத்தின் பிழைப் பதிவேட்டில் எம்சி-108 என்ற எண்ணில் இது பிழையாகப் பதியப்பட்டு, பிறகு ‘இப்படித்தான் இயங்க வேண்டும்’ என்ற முடிவோடு மூடப்பட்டது. அதற்குள் எண்ணற்ற கதவுகளும் பண்ணைகளும் இந்தப் பழக்கத்தின் மேல் எழும்பிவிட்டிருந்தன. கைபேசி முதலியவற்றுக்கான பெட்ராக் பதிப்பில் இது கிடையாது என்பதால், கைபேசியில் விளையாடும் நண்பருக்கு உங்கள் கதவின் வரைபடத்தைக் கொடுத்தால் அங்கே அது வேலை செய்யாமல் போகலாம். ஜாவா பதிப்பில் மட்டும் விளையாடும் நீங்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சர்வரில் ஒரு பாதி மட்டும் நகர்வதற்குக் காரணம் அனேகமாகக் கம்பிபோல் விசையைக் கடத்தும் ரெட்ஸ்டோன் தூளாக இருக்கும். விசையைத் தரும் சுவிட்சான லீவரை ஒட்டிய தூளில் வலிமை 15 என்றும், அடுத்ததில் 14 என்றும், கட்டைக்குக் கட்டை ஒன்று குறைந்துகொண்டே போகும். லீவரை அணைத்தவுடன் முழு வரிசையும் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் முதல் தூள் தன் மூலத்தை இழந்ததும் பக்கத்தில் இருக்கும் 14ஐப் பார்த்து, அதில் ஒன்று கழித்து, தன் வலிமை 13 என்று முடிவு செய்கிறது. அதைப் பார்த்து அடுத்தது இறங்குகிறது. அதைப் பார்த்து முதலாவது மீண்டும் இறங்குகிறது. இவ்வாறு படிப்படியாக இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அக்கம்பக்கத்துக் கட்டைகளுக்கெல்லாம் தகவல் போகிறது. அந்தத் தகவல் எந்தக் கட்டைக்கு முதலில் போகும் என்ற வரிசையோ, கட்டைகளின் ஆயத்தொலைகளிலிருந்து நிரல் கணக்கிடும் ஓர் எண்ணைப் பொறுத்து அமைகிறது. ஆகவே ஓரிடத்தில் இடது பிஸ்டன் முந்தும். நான்கு கட்டை தள்ளிக் கட்டினால் வலது பிஸ்டன் முந்தும். ஒரு பிஸ்டன் நகர்த்திய கட்டை மற்றொன்றுக்குத் தடையாக நின்றால் கதவு பாதியோடு நின்றுவிடும். கட்டியவரின் கையில் எந்தத் தவறும் இல்லாதபோதும் இது நேரும் என்பதால், ரெட்ஸ்டோனில் உள்ள குறைகளிலேயே இதைத்தான் நான் மிகக் கடுமையான குறை என்பேன்.

இதைத் திருத்த மோஜாங் கையாண்ட முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு ஸ்னாப்ஷாட்டில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வெர்ஷனில்), தூளுக்கான புதிய கணக்கீட்டை எல்லோருக்கும் திணிக்காமல், புதிய உலகம் தொடங்கும்போது விரும்புபவர்கள் இயக்கிக்கொள்ளும் ‘ரெட்ஸ்டோன் எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ என்ற தெரிவாக வைத்தார்கள். அதில் தகவல் மூலத்திலிருந்து வெளிநோக்கிப் பரவுகிறது. இடத்தைப் பொறுத்து வரிசை மாறுவதில்லை. தேவையற்ற கணக்குகளும் குறைகின்றன. பழைய வரிசையை நம்பிக் கட்டப்பட்டவை உடையும் என்று தெரிந்தே தனியாகப் பிரித்து வைத்தார்கள். என்னைக் கேட்டால், நிரலை எழுதுவதைவிட அதை எந்தக் கட்டத்தில், யார் கைக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. 2023 இறுதியில் சோதனைக்கு வந்த காப்பர் பல்பு என்ற விளக்குக் கட்டைக்கு முதலில் ஒரு கேம் டிக் தாமதம் இருந்தது. நொடிக்கு 20 டிக் என்ற கணக்கில் அது 0.05 நொடிதான், ஆனாலும் துல்லியமான நேரக்கட்டுப்பாட்டுக்கு அதுபோல் எளிய கருவி வேறில்லை என்று கட்டுபவர்கள் மகிழ்ந்தார்கள். சோதனைக் கட்டத்திலேயே அந்தத் தாமதம் நீக்கப்பட்டது. எதிர்ப்பு பலமாக எழுந்தபோதும் 1.21இல் தாமதம் இல்லாத பல்புதான் வந்தது. ஸ்னாப்ஷாட்டில் கண்ட எதையும் அடித்தளமாக வைத்து நீங்கள் பெரிதாக எதையும் கட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

சர்வரைப் பொறுத்தவரை மற்றொரு சாத்தியமும் உண்டு. பல சர்வர்கள் மோஜாங்கின் மூல நிரலில் இயங்காமல் பேப்பர் போன்ற மாற்று நிரலில் இயங்குகின்றன. தூளின் கணக்கீட்டுக்கு மூல முறை, ஐகன்கிராஃப்ட், ஆல்டர்னேட் கரன்ட் என மூன்று தெரிவுகளைப் பேப்பர் தருகிறது. நிர்வாகி வேகத்துக்காக முறையை மாற்றி வைத்திருந்தால் வரிசையும் மாறியிருக்கும். எனவே முதலில் அவரிடம் விசாரியுங்கள். சர்வர் மந்தமாக இருப்பதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் மந்தத்தில் எல்லா டிக்குகளும் சேர்ந்தே தாமதமாவதால் வரிசை பொதுவாகக் கலைவதில்லை.

வெர்ஷன் மாற்றுவதற்கு முன் உலகத்தின் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய வெர்ஷனில் ஒருமுறை திறந்த உலகத்தைப் பழைய வெர்ஷனுக்குப் பத்திரமாகத் திருப்ப வழியில்லை. லாஞ்சரில் இரண்டு வெர்ஷன்களையும் தனித்தனி இன்ஸ்டலேஷனாக வைத்துக்கொண்டு, நகலை மட்டும் புதியதில் திறந்து பாருங்கள். அங்கே கதவைப் பல முறை திறந்து மூடிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதே கதவை நான்கு திசைகளிலும், ஓரிரு கட்டைகள் தள்ளித் தள்ளியும் புதிதாகக் கட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இயங்கினால்தான் அந்த வடிவமைப்பு நம்பத்தக்கது. எங்கே பிசகுகிறது என்று காண, 1.20.3 முதல் கிடைக்கும் ‘டிக் ஃப்ரீஸ்’ கட்டளையால் விளையாட்டை நிறுத்திவைத்து, ‘டிக் ஸ்டெப்’ கட்டளையால் ஒவ்வொரு டிக்காக நகர்த்துங்கள். எஃப்3 விசையை அழுத்திவிட்டுத் தூளை நோக்கினால் அதன் வலிமை திரையின் வலப்புறத்தில் எண்ணாகத் தெரியும். ஒரே தூள் இரண்டு பிஸ்டன்களையும் தொடும் இடத்தைக் கண்டுபிடித்து, பின்னால் நகர வேண்டிய பிஸ்டனுக்கு முன், விசையைத் தாமதித்து அனுப்பும் ஒரு ரிப்பீட்டரை வையுங்கள். ரிப்பீட்டரின் மிகக் குறைந்த தாமதமே இரண்டு கேம் டிக் என்பதால், எது முந்தும் என்பதை இனி ஆயத்தொலைகள் தீர்மானிக்காது, நீங்களே தீர்மானிப்பீர்கள். கதவு 0.1 நொடி தாமதமாகத் திறக்கும். சர்வரிலும் உங்கள் உலகத்திலும் பெரும்பாலும் அந்த ஒரு திருத்தமே போதுமானதாக இருக்கும்.

அதற்குப் பிறகும் புதிய வெர்ஷனில் மட்டும் கதவு நின்றால், முழுக் கதவையும் படமெடுத்து அனுப்புவதால் பயனில்லை. குறையைக் காட்டக்கூடிய மிகச் சிறிய அமைப்பாக, ஒரு லீவர், சில தூள், இரண்டு பிஸ்டன் என்ற அளவுக்கு அதைச் சுருக்கி, எந்த வெர்ஷனில் இயங்கியது, எந்த வெர்ஷனில் நின்றது, எந்தத் திசையில், எந்த ஆயத்தொலைகளில் கட்டினீர்கள் என்ற விவரங்களோடு மோஜாங்கின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். புதிய வெர்ஷன் ஸ்னாப்ஷாட் நிலையில் இருக்கும்போதே எழுதினால், அது வெளியாவதற்குள் திருத்த அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.