விஞ்ஞானிகள் தங்கள் ஆய்வை மக்களுக்குப் புரியும்படி சொல்ல என்ன செய்யலாம்?

நான் பாக்டீரியா பற்றி ஆய்வு செய்பவன். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அதற்கு ‘பயோஃபிலிம்’ என்று பெயர். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது ஸ்லைடுகளோடு போனேன். பத்தாவது ஸ்லைடுக்குள் பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: “வாய் கொப்பளிக்கிற மருந்தே கிருமியைக் கொன்னுடுமே, அப்புறம் எதுக்கு பல் தேய்க்கணும்?”

என் ஆய்வின் சாரமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் ஏதோ படிந்திருப்பது தெரியுமே, அது பயோஃபிலிம்தான். மருந்து மேலே இருப்பதைக் கொல்லும். படலத்துக்கு அடியில் இருப்பவற்றில் பல தப்பித்துக்கொள்ளும். அதனால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பே நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தது.

‘எளிய சொற்களில் பேசுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் என் ஸ்லைடுகளிலும் எளிய சொற்கள்தான் இருந்தன. அங்கே யாருக்கும் இல்லாத ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் கோளாறு. இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் அவர்களைத்தான் பேச விடுகிறேன்.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 1995இல் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வந்தது: புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று. பொய்யில்லை. ஆனால் 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது இருவருக்கு என்று ஆனது, அவ்வளவுதான். ‘இரண்டு மடங்கு’ மட்டும் காதில் விழ, பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் கொடுமை, கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எத்தனை மடங்கு என்று சொல்லும்போது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

சொற்களும் காலை வாரும். ஊருக்கெல்லாம் ‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தி. பரிசோதனை முடிவில் அப்படியா?

அப்புறம், தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது. 2020இன் தொடக்கத்தில், நோயில்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூனில் அந்த ஆலோசனை மாறியது. புதுத் தகவல் வந்தால் மாற்றிக்கொள்வது அறிவியலுக்கு இயல்பு. ஆனால் முதலில் சொன்னது முடிந்த முடிவுபோல மக்கள் காதில் விழுந்திருந்ததால், மாற்றியபோது ‘இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை’ என்றார்கள். ‘இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு, இன்னின்னது தெரியவந்தால் மாற்றிச் சொல்வோம்’ என்று அன்றே அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

முடிந்தால் கண்ணெதிரே காட்டிவிடுங்கள். 1986இல் கடுங்குளிரான ஒரு காலையில் ஏவப்பட்ட அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானில் சிதறியது. அந்த விபத்து விசாரணையில், இயற்பியலாளர் ஃபெய்ன்மன், ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். குளிரில் அது பழைய வடிவத்துக்குச் சட்டெனத் திரும்பவில்லை. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

என்ன வேலை என்று யாராவது கேட்டால், “காலையில் பல்லில் படிந்திருக்குமே, அதைப் பற்றி ஆராய்கிறேன்” என்கிறேன். பலர் முகம் சுளித்துவிட்டு, அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள். கேட்காதவர்களிடம் நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.