வால்ட்ஸும் சுவரோரத்து நாற்காலிகளும்

அன்புள்ள சார்,

வணக்கம். 200 வருஷத்துக்கு முந்தைய லண்டனில் நடக்கும் ஒரு தொடரை ஓடிடியில் பார்த்தேன். அதில் ஒரு பெண் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடுவதற்கு ஒரு சீமாட்டியின் அனுமதிக்காகக் காத்து நிற்கிறாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. கை கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அவ்வளவுதானே? இதற்கா ஒரு சமூகம் பதறியது? தொடுவதுதான் பிரச்சினை என்றால், அதற்கு முன் தொடாமலா ஆடினார்கள்? எதிர்த்தவர்களை வெறும் பத்தாம்பசலிகள் என்று தள்ளிவிடலாமா?

அன்புடன்,
செ., நாகர்கோவில்

அன்புள்ள செ.,

தள்ளிவிட வேண்டாம். அவர்கள் சொன்ன தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. வால்ட்ஸ் எதை உடைக்கப்போகிறது என்பதை அதை ஆடியவர்களைவிடத் தெளிவாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

தொடுவது புதிது அல்ல. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் வோல்ட்டா என்றொரு ஆட்டம் இருந்தது. ஆண் பெண்ணை இடுப்போடு பிடித்து, தொடையால் முட்டுக்கொடுத்துத் தூக்கிச் சுழற்றுவான். முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் ஆடினார்கள்.

வால்ட்ஸுக்கு முன் பெரிய இடங்களில் கோலோச்சியது மினுவெட். சபை நடுவில் பெரும்பாலும் ஒரு ஜோடி மட்டும், அதுவும் அந்தஸ்து வரிசைப்படி ஆடும். மற்றவர்கள் பார்ப்பார்கள். கையை லேசாகத் தொடுவதோடு சரி. ஒழுங்காக ஆடவே ஆசிரியர் வைத்து நீண்ட காலம் பழக வேண்டும். இங்கிலாந்தில் கண்ட்ரி டான்ஸ் என்று இன்னொன்று: ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. ஆட்டம் நகர நகர ஒவ்வொரு ஜோடியும் பக்கத்து ஜோடிகளோடு கலந்து பிரியும். ஆக, இரண்டு ஆட்டமுமே சபைக்குச் சொந்தம். நடப்பது எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துக் கிராமத்துச் சுழல் ஆட்டங்களிலிருந்து வந்த வால்ட்ஸ் இந்த ஏற்பாட்டையே கலைத்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள். அவன் கை இவள் இடுப்பில், முகத்துக்கு நேரே முகம். சுற்றியுள்ளதெல்லாம் சுழலும்போது அசையாமல் நிற்பது எதிரே உள்ள முகம் ஒன்றுதான். நூறு பேர் நிறைந்த கூடத்தில் இரண்டு பேர் தனியாக இருக்கலாம், பேசலாம், யாருக்கும் கேட்காது. போதாக்குறைக்கு அன்றைய நாகரிக உடை மெல்லிய மஸ்லின்.

அந்த நடன விருந்துகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். லண்டன் ‘சீசன்’ என்பது நிலமும் பட்டமும் சீர்ப்பணமும் பேசி முடிக்கப்படும் கல்யாணச் சந்தை. சுவரோரத்து நாற்காலிகளில் அம்மாக்களும் அத்தைகளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, காவல் இருந்தார்கள். யார் யாரிடம் எவ்வளவு நேரம் பேசினாள் என்று கணக்கு வைக்கும் நம் கல்யாண வீட்டு அத்தைகளைப் போலத்தான். வரிசையாக ஆடும்வரை அந்தக் காவல் செல்லுபடியானது. வால்ட்ஸ் வந்த பிறகு அவர்களுக்குத் தெரிந்தது சுழலும் முதுகுகள்தான்.

இதை மிகச் சீக்கிரம் புரிந்துகொண்டவர் ஜெர்மன் எழுத்தாளர் கதே. 1774இல் அவர் எழுதிய நாவலின் நாயகன் வெர்தர் வால்ட்ஸ் ஆடிய மயக்கத்தில், தான் காதலிக்கும் பெண் இனித் தன்னைத் தவிர வேறு எவனோடும் இதை ஆடக் கூடாது என்று சபதம் எடுக்கிறான். மினுவெட்டைப் பார்த்து யாரும் அப்படிச் சபதம் எடுத்திருக்க முடியாது. வைத்தியக் காரணங்களும் சொன்னார்கள். இந்தத் தலைமுறையின் உடலும் மனமும் பலவீனமானதற்கு வால்ட்ஸ்தான் காரணம் என்று நிரூபிப்பதாகச் சொல்லி 1797இல் ஜெர்மனியில் ஒரு பிரசுரமே வந்தது.

1813இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வால்ட்ஸைக் கிண்டலடித்து ஒரு கவிதையைப் புனைபெயரில் வெளியிட்டார். ஒழுக்கத்துக்குப் பேர்போனவர் அல்ல அவர். பிறவியிலேயே பாதத்தில் குறை, ஆட முடியாதவர். எழுதியது அவர்தான் என்று பேச்சு கிளம்பியதும் இல்லை என்று மறுக்கச் சொன்னார்.

நீங்கள் பார்த்த அனுமதிக் காட்சி லண்டனின் ஆல்மாக்ஸ் விருந்துக்கூடத்தை வைத்து எடுத்ததாக இருக்கும். உள்ளே யாரை விடுவது என்று தீர்மானித்தது ஒரு சின்னச் சீமாட்டிக் குழு. அவர்கள் வால்ட்ஸைத் தடுக்கவில்லை, அனுமதியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனமான வழி.

1816 ஜூலையில் பட்டத்து இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள். சில நாளில் ‘தி டைம்ஸ்’ வெடித்தது. கைகால் பின்னிக்கொள்வது, உடம்பு நெருங்குவது என்று வர்ணனை எல்லாம் உண்டு. ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. பத்திரிகை சொன்னது இதுதான்: இந்த ஆபாசம் வேசிகளோடும் சோரம் போனவர்களோடும் நின்றிருந்தவரை நாங்கள் பொருட்படுத்தவில்லை. மேலே இருப்பவர்களே கெட்ட உதாரணம் காட்டி இதைக் கௌரவமான குடும்பங்களின்மேல் திணிப்பதால் ஒவ்வொரு பெற்றோரையும் எச்சரிக்கிறோம். அதாவது கோபம் ஆட்டத்தின் மேல் பாதி, அது ஏறிவந்த படியின் மேல் பாதி.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து டாங்கோவுக்கும் இதே கதை. புவனோஸ் அய்ரெஸின் ஏழைப் பேட்டைகளில் வளர்ந்த ஆட்டம் 1913 வாக்கில் பாரிஸைப் பைத்தியமாக்கியது. அங்கே அர்ஜென்டினாவின் தூதராக இருந்த எழுத்தாளர் என்ரிகே லரேத்தாவுக்கு ஒரே சங்கடம். எங்கள் ஊரில் அது மோசமான வீடுகளில் மட்டும் ஆடுவது என்றார். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக் கூடாது என்று 1913இல் உத்தரவிட்டார். அதை ஆடும் வீடுகளுக்குப் போகவும் தடை. 1914 ஜனவரியில் பாரிஸ் பேராயர் கண்டித்தார். வால்ட்ஸ் இதற்குள் நல்ல பிள்ளையாகிவிட்டது. விக்டோரியா ராணியே கணவர் ஆல்பர்ட்டுடன் ஆடியாகிவிட்டதே, அப்புறம் யார் குறை சொல்ல முடியும்?

பெயர் கெட்ட ஆட்டம் கௌரவம் பெறும்போது ஆட்டமும் கொஞ்சம் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே 1910களில் அமெரிக்காவில் டர்க்கி டிராட் போன்ற துள்ளல் ஆட்டங்களுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. வெர்னன், ஐரீன் கேசில் என்ற வெள்ளைக்காரத் தம்பதி அவற்றுக்கு மாற்றாக நாகரிக ஆட்டங்களைப் பழக்கினார்கள். தோளைக் குலுக்காதே, இடுப்பை ஆட்டாதே என்று 1914இல் விதி போட்டுப் புத்தகமும் எழுதினார்கள். பணக்கார வீட்டு அம்மாக்கள் பெண்களைத் தாங்களே கூட்டிவந்து சேர்த்தார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அந்தத் துள்ளல் ஆட்டங்களில் பலவற்றின் வேர் கறுப்பின மக்களிடம் இருந்தது. கேசில் தம்பதிக்கு வாசித்ததும் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பினத்தவரின் இசைக்குழுதான். அவர் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை மெட்டு ஒன்றை நிதானமாக வாசித்துக் காட்டியதிலிருந்துதான் ஃபாக்ஸ்டிராட் என்ற ஜோடி ஆட்டம் பிறந்தது என்று அந்தப் பெருமையை ஐரீனே அவருக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஊர் அதை வெள்ளைக்காரத் தம்பதி கற்றுக்கொடுத்த ஆட்டமாகத்தான் ஏற்றுக்கொண்டது. தாங்கள் தைரியமாகப் பெண்ணைக் கூட்டிவந்த கூடத்தில், மேடையில் வாசித்தவர்களை விருந்தாளியாக உட்காரவைக்கும் தைரியம் அந்த அம்மாக்களுக்கு வரவில்லை.

அன்புடன்.