அண்ணனைக் கேளுங்க: "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்"

கேள்வி: அண்ணே, போன ஞாயித்துக்கெழம வீட்டுல எல்லாரும் உக்காந்து விசுவோட 'மணல் கயிறு' படம் பாத்தோம். எங்கம்மா கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. மறுநாளே பொண்ணு வீட்டுக்கு போன் போட்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க, ஹால் மட்டும் ஏர்கோனா இருக்கணும், எங்க பக்கம் 80 மேசை"ங்கறாங்க. நேத்து சிரிச்சது இவங்கதானா?
- மாப்பிள்ளைத் தம்பி, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மேசைக்குப் பத்து பேர்னா 800 தலை, உங்கம்மாவுக்கு அதுல பாதி பேரு பேரு தெரியாது, எழுதி வச்சிக்க. அந்தப் படம் 1982ல வந்துச்சு, அப்புறம் கேசட்டுல எங்க தோட்டத்துக்கு வந்தப்ப தோட்டத்துக் கணக்கரு, அதான் கிராணி, அவரு வீட்டுலதான் வீடியோ இருந்துச்சு, தொழிலாளிங்க லயத்து வீடுகள்ல பாதி சனம் பாய் தூக்கிட்டுப் போய் வாசல் வரைக்கும் உக்காந்து பாத்தோம். கிட்டுமணி கட்டிக்கப் போறவளுக்கு எட்டு கண்டிஷன் போடுவான், நாரதர் நாயுடு எட்டுக்கும் சரின்னு பொய்யச் சொல்லி கல்யாணத்த முடிச்சு வைப்பாரு, அப்புறம் அவ்வளவும் ஒண்ணொண்ணா பிசுபிசுத்துப் போகும். எங்களுக்கு முன்னால உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்ச ஒரு அத்தை அடுத்த மாசமே சம்பந்தி வீட்டுல மோட்டார் சைக்கிள் கேட்டாங்க. கேட்டது இல்லையாம், "பிள்ளை வேலைக்குப் போக வேணாமா"ன்னு அக்கறையாம்.

எனக்கு அந்தப் படத்துல ஒரே ஒரு மனக்குறை உண்டு. கிட்டுமணியத் தனியா நிறுத்திட்டதால மத்தவங்க எல்லாரும் சௌகரியமா சிரிச்சிட்டு எந்திரிச்சிப் போயிடலாம். அவனாச்சும் விரல் விட்டு எண்ணி எட்டுன்னு சொன்னான். நம்மாளுங்க எண்ணவே மாட்டாங்க, "ஒண்ணும் வேணாம்"னு ஆரம்பிப்பாங்க, அப்பதான் பொண்ணப் பெத்தவருக்கு வயித்தக் கலக்கும். 80 மேசைக்கு யாரு காசு கட்டறதுன்னு அம்மாவ ஒரு வார்த்த கேளு, நீயே கட்டறேன்னு சொல்லிப் பாரு, மேசை தானா கொறையும்.

கேள்வி: மீரா நாயரோட 'மன்சூன் வெட்டிங்' காமெடின்னு சொன்னாங்க, பாத்து அழுதுட்டேனே அண்ணே?
- வாசகி, கோலா கங்சார்

பதில்: சரியாத்தான் அழுதிருக்கீங்க. 2001ல வெனிஸ்ல தங்கச் சிங்கம் வாங்குன படம், டில்லி பஞ்சாபி வீட்டுக் கல்யாணம், பந்தல் போடற டூபே செண்டுமல்லிப் பூவத் தின்னுகிட்டே காதலிக்கறதெல்லாம் கலகலப்புதான். ஆனா குடும்பத்துக்கே படியளந்த பெரிய மனுசன், அந்த வீட்டுப் பொண்ணுகிட்ட அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப தப்பா நடந்தவன்னு தெரிஞ்சதும் வீட்டுக்காரரு கல்யாணத்தன்னைக்கே அவர வெளிய அனுப்பறாரு பாருங்க! நம்ம பக்கத்துப் படமா இருந்தா கடைசியில ரெண்டு சொட்டு கண்ணீர் விடவச்சு குரூப் போட்டோவுல நடுவுல நிறுத்திருப்பாங்க.

கேள்வி: கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணி ஆறு மாசமாச்சு. பரிசத் தட்டு எண்ணிக்கையில சண்டை வந்து, "தாலி ஏறல, அதனால கல்யாணமே ஆகல, விட்டுட்டுப் போ"ங்கறாங்க அவரு வீட்டுல. போகலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, கையெழுத்து போட்ட அன்னைக்கே நீங்க பொண்டாட்டி. நம்ம மலேசியாவோட 1976ஆம் வருஷத்துத் திருமண, மணவிலக்குச் சட்டம், 1982 மார்ச் 1லருந்து முஸ்லிம் அல்லாதவங்களுக்கு நடப்புல இருக்கு, அதுக்குத் தட்டும் தெரியாது உருமி மேளமும் தெரியாது. பிரியணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும், மணவிலக்கு மனுவுக்குப் பொதுவா ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், ரொம்பக் கொடுமையான நெலமன்னா முன்னாடியே அனுமதி கேக்கலாம். அவரு தாம்பத்தியத்துக்கே வர மறுத்துட்டாருன்னா கல்யாணத்த ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கவும் வழி இருக்கு, அதுவும் கோர்ட்டுலதான். வக்கீல் செலவுக்கு வழி இல்லன்னா சட்ட உதவி இலாகாவுல கேளுங்க. அவங்க சொன்னாங்கன்னு மட்டும் பேசாம வந்துடாதீங்க.

இன்னொன்னு, இதே வீட்டுல வீட்டு லோன் போடறப்ப ரெண்டு சம்பளம் காட்டணும்னா அப்ப மட்டும் புருஷன் பொண்டாட்டி ஆயிடுவீங்க. யாராவது நம்ம மலேசியாவுல சிரிப்புப் படம் எடுக்கறதா இருந்தா இத எடுங்கப்பா, மண்டபமும் வேணாம், கல்யாணம் பதியற ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) கவுண்டர் ஒண்ணு போதும்.

கேள்வி: ஊருக்கே நியாயம் சொல்றீங்க, உங்க கல்யாணத்துல என்ன கேட்டீங்க?
- குறும்புக்காரன், ஈப்போ

பதில்: நாங்க ஒண்ணும் கேக்கல. ஒரு ஐஸ்பெட்டி வந்துச்சு. இன்னும் ஓடுது.