ஜனவரி வெயிலைப் பார்த்து வீடு வாங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் 27 வருடமாக இருக்கிறோம். கணவருக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில், அதாவது முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் திட்டத்தில் இருக்கிறார். எனக்கு அடுத்த மார்ச்சில் 65 ஆகிறது. இனிமேல் பனி தள்ள எங்களால் முடியாது. இருவருக்கும் சேர்த்து சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் மாதம் 4,100 டாலர் வரும். வேலையில் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கேயில் கொஞ்சம் இருக்கிறது. ஜனவரியில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் போனபோது ஒரு ஏஜென்ட் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பில் வீடு காட்டினார். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் விலை ஏறிவிடுமாம். குடும்ப நண்பர் ஒருவரோ, லாஸ் வேகஸ் போனால் வரியே இல்லை என்கிறார். வெயிலும் இருந்து, செலவும் குறைவான ஊர் எது?

பதில்: அம்மா, முன்பணம் கட்டாதீர்கள். ஊரைப் பற்றி அப்புறம் பேசுவோம். "இந்த மாதத்துக்குள்" என்று சொல்கிறவர் அடுத்த மாதமும் அதையேதான் சொல்வார். இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் ஃபீனிக்ஸ் சொர்க்கம், மறுக்கவில்லை. பகலில் ஸ்வெட்டர்கூட வேண்டாம். அதனால்தான் உங்களை ஜனவரியில் கூப்பிடுகிறார்கள். அதே வீட்டை ஜூலை மாதம் மூன்று மணிக்குக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 2023-இல் அங்கே தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலேயோ தொட்டது. அந்த ஒரே ஆண்டில் ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெப்பம் தொடர்பான சாவுகள் 645. இது கவுண்டியே வெளியிட்ட கணக்கு. "வேலூரில் வளர்ந்தவனுக்கு வெயிலைக் காட்டுறீங்களா சார்" என்று ஒருவர் என்னிடம் சிரித்தார். வேலூரில் ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்ப் படுக்கலாம். ஃபீனிக்ஸில் தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். 90 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் உண்டு. வேலூர்க்காரர் இப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டுச் செலவு.

என்னைக் கேட்டால் அதே அரிசோனாவில் இருக்கும் டூசான். ஃபீனிக்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, டூசான் 2,400 அடி. அதனால் கோடையில் சில டிகிரி குறையும். ராத்திரி ஜன்னலைத் திறக்கிற நாட்கள் அதிகம். வீட்டு விலையும் ஃபீனிக்ஸைவிடக் குறைவு. பல்கலைக்கழக மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு அது கோயிலுக்கும் மேல். கோயில் வேண்டும் என்றால் மரிகோபா என்ற ஊரில் (மேலே சொன்ன கவுண்டி வேறு) மகா கணபதி கோயில் இருக்கிறது, நல்ல நாளில் போய் வரலாம்.

மற்ற ஊர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசோனாவிலேயே யூமா இன்னும் மலிவு, வெயிலுக்குப் பேர் போனது, ஆனால் பெரிய மருத்துவரைப் பார்க்க மூன்று மணி நேரம் கார் ஓட்டுவது யார்? நியூ மெக்சிகோவின் ஆல்பகெர்க்கி 5,000 அடிக்கு மேலே இருக்கிறது, பனி அங்கேயும் விழும். டெக்சாஸின் எல் பாசோவில் மாநில வருமான வரி கிடையாது. அதைச் சொத்து வரியில் வாங்கிவிடுவார்கள்.

லாஸ் வேகஸ் நண்பர் சொன்னது உண்மை. நெவாடாவில் மாநில வருமான வரி இல்லை. ஆனால் அரிசோனாவில் எவ்வளவு வரும் என்று அவர் கணக்குப் போட்டாரா? அரிசோனா சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி போடுவதில்லை. மற்ற வருமானத்துக்கு 2023 முதல் ஒரே விகிதம், 2.5 சதவீதம். 401-கேயிலிருந்து வருடத்துக்கு 40,000 டாலர் எடுத்தாலும், கழிவெல்லாம் போக நீங்கள் கட்டப்போவது சில நூறு டாலர். அதை மிச்சம் பிடிக்க ஊரையே மாற்றுவார்களா? சொத்து வரியில்தான் உங்களுக்கு உண்மையான லாபம். எடிசனில் கட்டுவதோடு பார்த்தால் டூசானில் அது பாதிக்கும் கீழே.

இப்போது அந்தக் குடியிருப்புக்கு வருவோம். மாதிரி வீட்டில் சிரித்துக்கொண்டே குளிர்ந்த தண்ணீர் கொடுப்பவர் கட்டுநர் சம்பளத்தில் இருப்பவர், உங்கள் ஆள் இல்லை. அவர் விலையைச் சொல்வார், குடியிருப்போர் சங்கத்துக்கான மாதக் கட்டணத்தையும் சொல்வார். வாங்கும்போது ஒருமுறை கட்டவேண்டிய நிதி, கூரை பழுது என்று திடீரென எல்லோரிடமும் பிரிக்கிற சிறப்பு வசூல், இதெல்லாம் நீங்கள் கேட்டால்தான் வெளியே வரும். சங்கத்தின் கையிருப்பு நிதி அறிக்கையைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் விஷயம் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். இப்படிப்பட்ட குடியிருப்பில், ஆள் இருக்கிற வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்திலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருக்கவேண்டும் என்பது மத்தியச் சட்டம். அதன்மேல் ஒவ்வொரு சங்கமும் தன் விதியைப் போடும். பிள்ளைகள் வருடத்துக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்று எழுதியிருக்கும். கோடை விடுமுறை முழுக்கப் பேத்தியை வைத்துக்கொள்கிற நம் வழக்கத்துக்கு இது ஒத்துவருமா என்று யோசியுங்கள். ஒரு தம்பதியின் மகள் விவாகரத்தாகிக் கைக்குழந்தையோடு வந்தபோது, சங்கம் கடிதம் அனுப்பியது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

"80,000 டாலருக்கு வீடு" என்ற விளம்பரமும் கண்ணில் படும். அது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்து, வாடகை மனைகள் கொண்ட "பார்க்" ஒன்றில் கொண்டுவந்து நிறுத்திய வீடு. வீடு உங்களுடையது, மண் அவர்களுடையது. மண்ணுக்கு மாத வாடகை, அது வருடா வருடம் ஏறும். பார்க் கைமாறினால் இன்னும் ஏறும். வேண்டாம்.

ஊருக்கு வெளியே மலிவாக ஒரு ஏக்கர் கிடைத்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஃபீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளில் நிலத்தை ஆறு மனையாகவோ அதற்கு மேலோ பிரித்தால் நூறு வருடத் தண்ணீருக்கு உறுதி காட்டவேண்டும் என்கிறது அரிசோனா சட்டம். அதனால் ஐந்து ஐந்தாகப் பிரித்து விற்கிறார்கள்! இந்த ஓட்டை எல்லோருக்கும் தெரியும், அடைக்கத்தான் ஆளில்லை. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதிக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த தண்ணீரை ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரி 1 அன்று நிறுத்தியது. அங்கே இருந்தவை குடிசைகள் இல்லை, விலை உயர்ந்த வீடுகள்.

இதையெல்லாம்விட உங்கள் கணவரின் காப்பீடுதான் எனக்குக் கவலை. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அட்வான்டேஜ் திட்டம் கவுண்டிக்குக் கவுண்டி வேறு. நியூ ஜெர்சித் திட்டம் பொதுவாக டூசானுக்குக் கூடவே வராது. மாறியதும் ஒரு காப்பீட்டு ஏஜென்ட் போன் செய்து, அங்கே வேறு அட்வான்டேஜ் இருக்கிறது, மாதக் கட்டணம் பூஜ்யம் என்பார். கையெழுத்துப் போடாதீர்கள். பொறுமையாக இதைப் படியுங்கள்.

சாதாரணமாக, மூன்று வருடம் அட்வான்டேஜில் இருந்தவர் அரசே நேரடியாக நடத்தும் பழைய மெடிகேருக்குத் திரும்பி, அது கொடுக்காத மேல்செலவுக்குத் தனியார் விற்கும் மெடிகேப் பாலிசி கேட்டால், நிறுவனம் உடல்நிலையைக் கேட்கும். சர்க்கரை, முழங்கால் என்றதும் மறுக்கலாம், அல்லது விலையை ஏற்றலாம். ஆனால் திட்டத்தின் எல்லையை விட்டே வேறு ஊருக்குக் குடிபோனால் அந்தக் கதவு ஒருமுறை திறக்கிறது. உடல்நிலையைக் கேட்காமல் சில மெடிகேப் பாலிசிகளை, பிளான் ஜி உட்பட, தந்தே ஆகவேண்டும். பழைய திட்டம் முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு 63 நாள் தாண்டக்கூடாது. மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். போகும் ஊரிலும் உங்கள் திட்டமே நடைமுறையில் இருந்தால் இந்த உரிமை வராது. இடையில் அங்கே இன்னொரு அட்வான்டேஜில் சேர்ந்தாலும் போய்விடும். பூஜ்யக் கட்டணக்காரர் அவசரப்படுத்துவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பழைய திட்டத்திலிருந்து வரும் முடிவுக் கடிதத்தைக் கிழித்துப்போடாமல் வையுங்கள், மெடிகேப் நிறுவனம் அதைத்தான் கேட்கும். மருந்துக்கான பார்ட் டி தனியாக வாங்கவேண்டும். இவ்வளவையும் அரசாங்கம் ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பலாம். அதை விட்டுவிட்டு நூறு பக்கக் கையேடும், காத்திருப்பு இசை ஒலிக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 65 வயதில் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) தொடங்கியதும் ஆறு மாதத்துக்கு எந்த மெடிகேப் நிறுவனமும் உங்களை மறுக்க முடியாது. அதைத் தவறவிடாதீர்கள்.

சின்னதாக இரண்டு. பழைய வீடு பார்த்தால் குளிர்சாதனமா, நம்மூர் ஏர்கூலர் மாதிரியான ஸ்வாம்ப் கூலரா என்று பாருங்கள். அது ஜூனில் காற்று காய்ந்திருக்கும்போது வேலை செய்யும், ஜூலையில் மழைக்காற்று வந்ததும் கைவிரிக்கும். கூரையில் சோலார் இருந்தால் அது வீட்டுக்காரருடையதா, குத்தகையா என்று கேளுங்கள். குத்தகை என்றால் மீதி வருடங்களுக்கான தவணை உங்கள் தலையில்.

அங்கே போனபின் யாருக்காவது இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் வேலி ஃபீவர் (Valley fever) என்ற நோய்க்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மண்ணில் இருக்கும் பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குள் போவதால் வருவது. சாதாரண நிமோனியா என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. சர்க்கரை உள்ளவர்களை அது அதிகம் படுத்தும்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் டூசானில் சாமான்களோடு இருக்கும் வீடு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். குளிருக்கு ஓடிவந்தவர்கள் எல்லாம் வடக்கே திரும்பியிருப்பார்கள், வாடகை இறங்கியிருக்கும். மின்சாரக் கட்டணம் உங்கள் பெயரில் வரும்படி கேளுங்கள், அந்த பில்தான் எனக்கு வேண்டும். அதுவரை எடிசன் வீட்டை விற்பனைக்குப் போடவேண்டாம். நியூ ஜெர்சியை விட்டுப் போகிறவர்கள் வீட்டை விற்றால் "எக்ஸிட் டாக்ஸ்" உண்டு என்று யாராவது பயமுறுத்தினால், அது தனி வரி இல்லை, முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரிதான். நீங்கள் குடியிருந்த வீடு என்பதால் விற்பனை நாளில் ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.